மூன்றரை நிமிட நடை

அந்த நகரத்தைக் கட்டினவர்களுக்கு இடத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியை ஒரு கோடியில் வைத்தார்கள், குடியிருப்பை மறுகோடியில் வைத்தார்கள், நடுவில் கிலோமீட்டர் கணக்கில் சும்மா விட்டார்கள். ரயில் என்னவோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ரயிலை விட்டு இறங்கினவர் வீடு போய்ச் சேர இன்னொரு பயணம் பாக்கி இருக்கும். அதற்குத்தான் இணைப்பு பஸ். ரயில் வந்து நின்றதும் ஏறிக்கொள்ள வாசலில் ஒரு பஸ் காத்திருக்கும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த ரயிலையும் பஸ்ஸையும் காகிதத்தில் சேர்த்துவைக்கிற வேலை ஒருத்திக்கு. போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மேசையைவிட நீளமான கட்டத்தாளை விரித்து, ரயிலுக்குச் சிவப்புக் கோடு, பஸ்ஸுக்கு நீலக் கோடு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை இழுத்துக்கொண்டே இருப்பாள். சிவப்பும் நீலமும் சந்திக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவாள். அதற்கு அங்கே முடிச்சு என்று பெயர். அவளுக்கு அட்டவணைக்காரி என்று பெயர். அந்தப் பட்டத்தில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. அப்பா அம்மா போன பிறகு இந்த ஊரில் இவளுக்கு அவள், அவளுக்கு இவள், அவ்வளவுதான். அக்காவுக்கு நகரத்தின் ஒரு கோடியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. குட்டையான உருவம், கனத்த உடம்பு, முழங்கால் வலி, ஊருக்கே கேட்கிற குரல். போன வருஷம் அவளை ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் பக்கம் வீடு பார்க்கச் சொன்னதே அட்டவணைக்காரிதான். "காத்தோட்டமா இருக்கும்க்கா. ஸ்டேஷன் வாசல்லேருந்து பஸ் விடப்போறோம். என்னை நம்பி வா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கா நம்பி வந்தாள்.

பஸ்ஸும் வந்தது. ஆனால் அதில் ஏறத்தான் ஆள் இல்லை. ஆறு பத்துக்கு ரயில், ஆறு பதினாலுக்கு பஸ். தினமும் சாயங்காலம் பத்துப் பேர், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர். மூன்று மாசச் சோதனை ஓட்டம் முடியப்போகிறது. கடைசி வெள்ளிக்கிழமை அந்த சாயங்கால பஸ்ஸில் நாற்பது பேராவது ஏறவில்லையென்றால் பஸ்ஸையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடுதாசி வந்துவிட்டது. 'பொதுமக்களுக்கு ஆர்வம் இல்லை' என்று அதில் ஒரு வரி வேறு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜனங்களின் ஆர்வத்தை அளந்துவிடுகிற மகராசர்கள்!

புதன்கிழமை மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"ஏய், அட்டைப்பெட்டி ஏதாவது இருந்தா எடுத்து வைடி. சாமான் கட்டணும்."

"எதுக்கு சாமான் கட்டற?"

"பொண்ணு ரொம்ப நாளா கூப்பிடறா இல்ல, அவ ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன். தினம் அரை மணி நேரம் நடக்க இந்த முழங்கால் ஒத்துக்கல. உன் பஸ்ஸையும் எடுக்கப்போறாங்களாமே."

அக்காவின் மகள் இருப்பது ஒன்றரை நாள் பயணத்தில். "எதுக்குக்கா நடக்கற? பஸ்லதான் போயேன்!" என்று அட்டவணைக்காரி கத்தினாள்.

"உன் பஸ் எனக்காக எங்கடி நிக்குது?"

இதே பேச்சைத்தான் அக்கா மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா வெயிலைக் குறை சொல்வாள், மழையைக் குறை சொல்வாள், பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைக் குறை சொல்வாள். அந்தக் கூடையில் இதையும் போட்டுவிட்டு இவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். அக்கா வீட்டுக்கு இவள் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்றைக்கு அவசரமும் இல்லை, கூட்டமும் இல்லை. போன் வந்த புதன்கிழமை சாயங்காலமே அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று அக்காவோடு ரயிலேறினாள். எப்படியாவது அக்காவின் மனசை மாற்றிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள்.

ஆறு பத்துக்கு ரயில் பிசகாமல் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் மேம்பாலப் படி ஏறினார்கள். ஏறி, இறங்கி, நீளச் சுவரை ஒட்டி நடந்து, சாலையைக் கடக்க நின்று, கடந்து, மூலை திரும்பியபோது பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"பாத்தியா? தினமும் இதோட முதுகைத்தான் பாக்கறேன். மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னும் தெரியாது."

பின்னால் வந்த கூட்டமும் மூலையில் ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டு, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் நடையைக் கட்டியது. ஐம்பது பேராவது இருக்கும். மூலைக்கு அப்பால் இருந்த நிறுத்தம்வரை அக்காவோடு நடந்து போய் நின்று, அட்டவணைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரயிலை விட்டு இறங்கி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. அவள் காகிதத்தில் இருந்தது மூன்றரை.

அந்த மூன்றரை எங்கிருந்து வந்தது? மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் போகாததுமாகப் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பிளாட்பாரத்திலிருந்து பஸ் நிறுத்தம்வரை எவ்வளவு நடை என்று எழுதி, எதிரே ஒரு கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அது பிரிவு அதிகாரியின் கையெழுத்து.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் நெட்டையர். கதவு நிலையில் இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழைந்ததில்லை. இளவயசில் நடைப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர், அந்தக் கோப்பைகளில்தான் இன்றைக்கும் பேனா பென்சில் போட்டு வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அட்டவணையில் ஒரு திருத்தத் தாள்கூட வெளியிட்டதில்லை என்பது அவர் பெருமை. நகரத்தின் அத்தனை நடையையும் வேறு யாரையும் நம்பாமல் தானே நடந்து அளந்தார். அதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அளந்த கால் யாருடைய கால் என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா!

"சார், கடைசி ஸ்டேஷன் நடை மூன்றரை நிமிஷம் இல்ல சார். ஏழு."

"நானே நடந்து பாத்தது அது."

"அதனாலதான் சார்."

நெட்டையர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜனங்க ஆடி அசைஞ்சு நடந்தா அதுக்கு அட்டவணை என்ன பண்ணும்?"

"இன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவை எங்க அக்காகூட நடந்து பாருங்க சார். ஒரே ஒரு தடவை. ஆனா அவளை முந்தக் கூடாது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முந்த மாட்டேன். என்ன பெரிய விஷயம்!" என்று கிளம்பினார்.

அன்று ஆறு பத்துக்கு மூன்று பேரும் ரயிலை விட்டு இறங்கினார்கள். அக்கா அவரை அடியிலிருந்து நுனிவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், மேல காத்து நல்லா வருதா?" என்று கேட்டாள். நெட்டையர் பெருந்தன்மையாகச் சிரித்தார். படிக்கட்டுவரை நல்ல பிள்ளையாகத்தான் வந்தார். இரண்டாம் படியில் அவர் கால் கொஞ்சம் துடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸின் எஞ்சின் சத்தம் கேட்டதோ இல்லையோ, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மும்மூன்று படியாகத் தாவினார். கூட்டத்துக்குள் புகுந்தார். சுவரோரமாகக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறந்தார்.

"சார்! சார்! முந்த மாட்டேன்னீங்களே!" என்று அட்டவணைக்காரி கத்தினது காற்றோடு போயிற்று.

இவர்கள் மூலை திரும்பியபோது பஸ் கிளம்பிவிட்டது. பின்பக்கக் கண்ணாடியில் நெட்டையரின் முகம் தெரிந்தது. முதலில் வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார். அப்புறம் தன்னைச் சுற்றிப் பார்த்தார். காலி இருக்கைகள். திரும்பிச் சாலையைப் பார்த்தார். ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. பஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டது.

அக்கா நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஐயோ, உன் சாரைக் கடத்திட்டுப் போயிட்டாங்கடி!" அட்டவணைக்காரியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடாதக்கா. நீ போயிட்டா எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?" அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்துச் சுற்று முடிந்து பஸ் திரும்பி வந்தது. நெட்டையர் குனிந்து இறங்கி, பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டிரைவர் என்னைத் தன் பக்கத்துல கூப்பிட்டு நிக்க வச்சுக்கிட்டார்மா" என்றார். "கண்ணாடியில பாருங்க சார், தினமும் இந்த ஜனங்களைப் பாத்துக்கிட்டேதான் கிளம்பறேன், ஒரு நிமிஷம் நின்னா தாமதம்னு நீங்க சீட்டு எழுதுவீங்கன்னார். பாத்தேன். ஒருத்தர்கூட கை காட்டல, கத்தல. பழகிப்போச்சு அவங்களுக்கு. அந்தச் சீட்டெல்லாம் நான்தான் எழுதறது" என்றார்.

பிறகு அட்டவணைக்காரியைப் பார்த்துக் கேட்டார். "இந்த மாதிரி என் காலால அளந்த முடிச்சு எத்தனைம்மா இருக்கும்?"

"அறுபத்து மூணு சார்."

நெட்டையர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அம்மா, உங்களுக்கு என்னைக்கு லீவு? அறுபத்து மூணையும் மறுபடி அளக்கணும். நீங்கதான் நடக்கணும். நான் பின்னாடி வரேன்" என்றார்.

"சனிக்கிழமை" என்றாள் அக்கா. "ஆனா ஓட மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்."

கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால், மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், இருபத்திரண்டு வருஷத்து முதல் திருத்தத் தாளில் நெட்டையர் கையெழுத்துப் போட்டார். ஆறு பதினாலு அடிக்கப்பட்டது, ஆறு பதினெட்டு எழுதப்பட்டது. நாலு நிமிஷத்தை எங்கிருந்து எடுப்பது? மறுகோடியில் டிரைவருக்கு இருந்த டீ நேரத்தில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. அட்டவணைக்காரி தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டாள். "மூணு மாசமா காலி வண்டியை ஓட்டறேன். ஆளுங்க ஏறுவாங்கன்னா டீயை நின்னுக்கிட்டே குடிக்கறேன்" என்றார் டிரைவர். அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். அதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. ஆனால் ரயில் பெட்டியில் அக்காவின் குரலை யாராலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை பெட்டிக்கு நடுவில் நின்று, "எல்லாரும் கேட்டுக்கங்க, இனிமே பஸ் ஆறு பதினெட்டுக்குத்தான் கிளம்பும், எங்க தங்கச்சி போட்ட அட்டவணை, யாரும் நடந்து போய் அவ மானத்தை வாங்காதீங்க" என்று முழங்கினாள். அன்றைக்கு இருபத்தோரு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் நம்பாமல் மூலையில் நின்று பார்த்துவிட்டு, பஸ் நிஜமாகவே நிற்பதைக் கண்டு திறந்த வாயை மூடவில்லை. வியாழக்கிழமை முப்பத்தாறு. அன்று ராத்திரி அட்டவணைக்காரிக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மறுநாள், கடுதாசி சொன்ன அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பஸ் வாசலில் மேலிடத்து ஆள் எண்ணும் கருவியோடு நின்றார். பக்கத்தில் அட்டவணைக்காரி, கையும் ஓடாமல் காலும் ஓடாமல். ஆறு பத்துக்கு ரயில் வந்தது. ஆறு பதினாலுக்கு ஒரு கல்லூரிக் கும்பல் ஓடிவந்து ஏறியது. ஆறு பதினைந்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அப்போதே மூலையில் பெருங்கூட்டம் திரும்பியது. ஒருவரும் ஓடவில்லை. பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சாவகாசமாக வந்தார்கள். நடுவில் அக்கா வந்தாள். அவளுக்குப் பின்னால், அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து, நெட்டையர் வந்தார்.

"முப்பத்தொம்பது" என்றார் மேலிடத்து ஆள். "நாப்பது" என்றபோது அக்கா கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். அவர் அதோடு நிறுத்தவில்லை. நாப்பத்தொண்ணு, அம்பது, அம்பத்தாறு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். பஸ்ஸுக்குள் எள் போட்டால் எள் விழாது. நெட்டையர் கழுத்தை மடக்கிக்கொண்டு எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார்.

அட்டவணைக்காரி படியில் ஒரு கால் வைத்தாள். கதவு மூடவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பார்த்தாள். அப்போதும் மூடவில்லை. மணி ஆறு பதினெட்டு. டிரைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் காலை எடுத்துக் கீழே வைத்து, "போங்கண்ணே, நேரமாச்சு!" என்றாள்.

பஸ் முக்கி முனகிக்கொண்டு கிளம்பியது. தெருவில் தனியாக நின்று, டிரைவரின் கண்ணாடியைப் பார்த்து அவள் இரண்டு கையையும் வீசி ஆட்டினாள். அவர் பதிலுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே போனார். எங்கிருந்தோ ஜன்னலை இழுத்துத் திறந்து அக்காவின் தலை வெளியே வந்தது. தெருக்கோடிவரை அந்தக் குரல் கேட்டது.

"அடுத்த பஸ்ல வந்து சேருடி! கட்டின பெட்டியெல்லாம் அப்படியே கிடக்கு, நீதான் வந்து பிரிச்சு அடுக்கித் தரணும்!"

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அட்டவணைக்காரி பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு, சந்தோஷமாகக் காத்திருந்தாள்.