விசிறி நின்ற மத்தியானம்

மறுநாள் மாவட்டக் கால்நடைக் கண்காட்சி. அயோவா மாநிலத்தின் ஜூலை வெயிலில் டெஸ்ஸா கொட்டகைக்குள் நுழைந்தாள். கண்காட்சியின் சிறுவர் போட்டிக்காக அவள் குட்டியிலிருந்து வளர்த்த பன்றி மேபல், வாயைத் திறந்து இரைத்தபடி கிடந்தது. புதிதாக வாங்கிய ஆடுகள் மின்விசிறியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தன.

"அம்மா! மேபல் எந்திரிக்க மாட்டேங்குறா!"

வாளித் தண்ணீரோடு பாய்ந்தவளை அம்மா லோரீன் தடுத்தாள். "மேல கொட்டாதடி, அதிர்ச்சியில செத்துப்போயிடும்! காலையும் தரையையும் மட்டும் நனை."

அம்மா ஒயரைச் செருகியதும் விசிறி சுழன்றது. டெஸ்ஸா ஈரத்துணியால் பன்றியின் காதுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து மேபல் தள்ளாடி எழுந்து தண்ணீர் குடித்தது.

"நாளைக்குப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போலாம்டி."

"வேண்டாம்மா. இந்த வெயில்ல வண்டியில ஏத்துனா தாங்கமாட்டா."

அம்மா இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.