இரண்டாவது சாவி

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வைத்தவர்கள் நிரல் எழுதும் பையன்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. அவள் வேலை அப்படி. மற்றவர்கள் கட்டி முடித்ததை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளை யார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்?

அந்தக் கம்பெனியின் மென்பொருள் சின்னச் சின்ன மருத்துவமனைகளில் ஓடியது. எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று நர்ஸுகளுக்குச் சொல்கிற மென்பொருள். புதிய பதிப்பு வந்தால் யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை, இணையத்தில் தானே இறங்கித் தானே ஏறிக்கொள்ளும். வசதிதான். ஆனால் நடுவில் எவனாவது புகுந்து, இதுதான் புதிய பதிப்பு என்று எதையாவது இறக்கிவிட்டால்? அதற்காகத்தான் ஒவ்வொரு பதிப்பிலும் கம்பெனியின் முத்திரை இருக்கும். முத்திரை சரியில்லையென்றால் மருத்துவமனைக் கணினி அதைத் தொடவே கூடாது. தொடுகிறதா இல்லையா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது முட்டுக்கட்டையின் பாடு.

அவளுடைய சோதனை அறை ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. நீள மேஜையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எல்லா வகைக் கணினியும் இருந்தன. புதுசு, பழசு, மருத்துவமனைகள் இன்னும் கட்டிக்கொண்டு மாரடிக்கிற அரதப் பழசு. வேண்டுமென்றே கெடுத்த ஒரு பதிப்பைத் தயார் செய்து எல்லாவற்றுக்கும் அனுப்புவாள். அன்று எல்லாமே ஒழுங்காக மறுத்தன. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது நெட் கேபிளைக் கையால் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் செருகினாள். விண்டோஸ் மறுத்தது. மேக் மறுத்தது. லினக்ஸ் மட்டும் விட்ட இடத்திலிருந்து மீதியை இறக்கி, முத்திரையைப் பார்க்காமலே மடக்கென்று விழுங்கிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விழுங்கியது.

அந்தப் பகுதியை எழுதியவன் அவளுடைய தம்பி.

வேலையில்லாமல் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் உள்ளே சேர்த்திருந்தாள். இன்னும் ஒப்பந்த ஆள்தான். இந்தப் பதிப்பு நாள் தவறாமல் போனால் நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்டலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவன் பெண்டாட்டி வேறு மாசமாக இருந்தாள்.

“எவன்க்கா வேலை மெனக்கெட்டு கேபிளைப் புடுங்கப் போறான்?” என்றான் தம்பி.

“திருட வர்றவன் புடுங்குவான்டா.”

“அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன். சத்தியமா.”

“இதுலயே பண்ணு. ஒரு வாரம் தள்ளிப் போகட்டும், நான் பேசறேன்.”

“நீ பேசுவ. அவர் தலைய ஆட்டிட்டு என்னை வெளிய அனுப்புவாரு. ஒனக்கென்னக்கா, நிரந்தர வேலை.”

அவள் மசியவில்லை. அவள் மசியாமல் பதிப்பு வெளியே போகவும் முடியாது. கம்பெனியில் முத்திரை குத்த இரண்டு சாவிகள் வேண்டும். சாவி என்றால் கட்டைவிரல் அளவில் ஒரு சின்னத் துண்டு. கணினியில் செருகி, ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். ஒன்று மேலாளரிடம், இன்னொன்று முட்டுக்கட்டையிடம். இரண்டும் சேர்ந்தால்தான் முத்திரை. மேலாளர் தன்னுடையதை அன்றைக்கே போட்டுவிட்டு, “உங்களுதுதான் பாக்கி,” என்று அவள் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார். அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அம்மா அவளோடுதான் இருந்தாள். கண் ஆபரேஷன் முடிந்து, கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அன்று சாயங்காலம் தம்பி அம்மாவைப் பார்க்க வந்தான். மடிக்கணினிப் பையோடு வந்தான். ஆபீஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் வீட்டில் சிரித்துப் பேசியதும் இவளுக்கு மனசு இளகிவிட்டது. கோபம் தணிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பிடிக்குமே என்று தெருமுனைக் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, “வர்றேன்க்கா,” என்று போனான். பைத்தியக்காரி, வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

மறுநாள் காலையில் ஆபீஸில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“முட்டுக்கட்டையே விலகிடுச்சு, இனி என்ன கவலை,” என்று ஒருவன் அவள் கையில் ஒரு துண்டைத் திணித்தான். பதிப்பு நேற்றே போய்விட்டதாம். கைப்பையைத் துழாவினாள். சாவி இருந்தது. ஆனால் அவள் ஒருநாளும் போடாத, பையின் வெளி அறையில் இருந்தது.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். தம்பியும் அங்கேதான் நின்றிருந்தான்.

“சார், நான் முத்திரை குத்தல.”

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “உங்க சாவி. உங்க நம்பர். நேத்து சாயங்காலம் உங்க வீட்டு நெட்லேருந்து.”

ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு பாடம் எடுக்கிறவள், தன் சாவிக்கு அப்பா போன தேதியை வைத்திருந்தாள். அந்தத் தேதியை மறக்க முடியாதவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து சொல்லிவிடுவான் என்று அப்போதும் நம்பினாள்.

“அம்மா ஆபரேஷன்லேருந்து அக்கா சரியாவே தூங்கறதில்ல சார்,” என்றான் தம்பி. “கொஞ்ச நாளாவே மறதி. போட்டுட்டு மறந்திருப்பாங்க.”

பாவி, எவ்வளவு கரிசனமாகச் சொன்னான். வெளியே வந்து, மாடிப்படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, நேத்து நான் கடைக்குப் போனப்ப அவன் என் பையத் திறந்தானா?”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவன் திறக்கல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“ஒனக்குக் கண்ணே தெரியலையேம்மா.”

“தடவிப் பாத்து எடுத்தேன். அக்கா குடுக்க மாட்டேங்கறா, வேலை போயிடும்னு அழுதான். புள்ள அழறத எவ்வளவு நேரம் கேட்டுட்டு இருக்கறது?”

“அது ஆஸ்பத்திரிக்குப் போற சமாச்சாரம்மா. நீ படுத்திருந்தியே, அந்த மாதிரி எடத்துக்கு. மருந்து மாறினா ஆள் செத்துப் போவாங்க.”

“எனக்கு அதெல்லாம் புரியாது. நீ எப்படியும் பொழச்சுக்குவ. அவன் அப்படி இல்ல.”

தம்பி திருடியதைக்கூட அவளால் ஜீரணிக்க முடிந்தது. அம்மா சொன்னது நெஞ்சில் அப்படியே நின்றது. சின்ன வயதிலிருந்து எது கேட்டாலும் இதே பதில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் எத்தனையோ மருத்துவமனைகளில் அந்தப் பதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, நின்று அழ நேரமில்லை. உள்ளே போனாள்.

“பதிப்பை நிறுத்துங்க சார். நடுவுல நெட்டைத் துண்டிச்சா லினக்ஸ்ல முத்திரையே பாக்காம ஏறிடுது. என் சாவியை ரத்து பண்ணுங்க. வேற யாரோ அதைப் பயன்படுத்தியிருக்காங்க.”

“யாருன்னு சொல்லுங்க. திருட்டுன்னா போலீஸ் வரைக்கும் போகும். சாவிய அஜாக்கிரதையா வெளிய விட்டுட்டேன்னு சொன்னீங்கன்னா விதிப்படி உங்க வேலை இன்னியோட சரி. ரெண்டுல எது?”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலு அறை விட வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

“விட்டது நான்தான்,” என்றாள்.

பதிப்பைப் பாதியிலேயே நிறுத்தி, இறங்கிய இடங்களிலும் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. லினக்ஸ் பிழையைத் திருத்த வேண்டுமே, அதை எழுதியவனை விட்டால் வேறு யாருக்கு அந்தப் பகுதி தெரியும்? தம்பியை வைத்துக்கொண்டார்கள். நிரந்தரமாக. அவள் அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பில் கொடுத்தபோது அவன் தலையைத் தூக்கவில்லை. எதையோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கதவுச் சத்தம் கேட்டதும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வேலை நாளில் இந்த நேரத்துக்கு மகள் வந்து நிற்பதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள்.

“ஆகலம்மா.”

அம்மா தலையணையைச் சரி செய்துகொண்டு சாய்ந்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.