சேமித்து வைத்த பேச்சு

"மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில" என்றது கணினி. அதோடு சரி. திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அத்தான் சுட்டியை ஆட்டினார், விசைகளைத் தட்டினார், எதுவும் அசையவில்லை. அக்கா சமையலறையிலிருந்தபடியே, "துணியெல்லாம் அப்பவே எடுத்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள். அத்தான் இரண்டு கைகளையும் விரித்து, அக்காவின் தங்கையைப் பார்த்தார். அவர் சொல்ல வந்தது துணியைப் பற்றி அல்ல, மாடி அறை ஜன்னலைப் பற்றி. அதைச் சாடையில் சொல்லி முடிப்பதற்குள் மழையே வந்துவிட்டது.

தங்கைக்கு ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாளொன்றுக்கு இருபது பேராவது "ஹேங் ஆகுது" என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேருக்கு அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், மீதிப் பேருக்கு ஆறுதல் சொன்னால் போதும். ஆனால் இந்த வீட்டில் கணினி நின்றால் ஒரு மனிதரின் வாயைப் பொத்தியது மாதிரி. எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று அத்தானின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். துணிக்கடையில் இருபது வருஷம் வாயாலேயே பிழைத்தவர் அவர். இப்போது அவர் தட்டச்சு செய்வதைக் கணினி வாசிக்கிறது, அதுவும் செய்தி அறிக்கை வாசிக்கும் குரலில். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட ஆட்சி கவிழ்ந்த தோரணையில் அறிவிக்கும். முதல் மாதம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அத்தானும்தான். ஒரு மாதமாக அது பாதியில் நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து அக்கா தானாகவே வாக்கியத்தை முடித்துவிடுகிறாள், பெரும்பாலும் தப்பாக. நாலு நாளாக அத்தான் கணினியின் பக்கமே போகவில்லையாம், தங்கை வந்த பிறகுதான் இன்று தொட்டிருந்தார். "எனக்குப் பயமா இருக்குடி, இப்படியே பேசாம இருந்துடுவாரோன்னு" என்று அக்கா போனில் சொன்னதால்தான் தங்கை விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கணினியின் முதுகைக் கழற்றி, தூசியை ஊதி, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாள். நன்றாகவே சுற்றியது. நினைவகத்தைச் சோதித்தாள், வைரஸ் தேடினாள், வேண்டாத நிரல்களை எடுத்தாள். ஒன்றிலும் குற்றமில்லை. அந்தப் பழைய கணினியின் சின்ன ஹார்ட் டிஸ்கில்தான் எள் போட இடமில்லை. இந்த மனிதர் சினிமா பார்ப்பவரும் அல்லவே என்று தேடிக்கொண்டு போனபோது 'அவர்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை அகப்பட்டது. அதைத் திறந்ததும் கணினி மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்து வரிசை வரிசையாக ஒலிக்கோப்புகள் இறங்கின. பதினோராயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு பெயர். 'காபி ஆறிப்போச்சு.' 'ரிமோட் எங்க.' 'உன் தங்கச்சி எப்ப வருவா.' 'சும்மாதான் கூப்பிட்டேன்.'

"அக்கா, இது என்ன?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பேசறதையெல்லாம் சேமிக்கவான்னு அது ஒருநாள் கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். தினமும் சாயங்காலம் உக்காந்து கேட்டு, ஒண்ணொண்ணுக்கும் பேர் வைப்பேன்."

"எதுக்குக்கா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் இவரு குரல் எங்கயாவது இருக்குமான்னு வீடு பூரா தேடினேன். கல்யாண வீடியோல இருந்துச்சு, அதுலயும் வீடியோக்காரன் மேல பாட்டைப் போட்டுட்டான். இருபத்தாறு வருஷம் பேசினாரு. ஒரு வார்த்த கைல இல்ல. இனிமே ஒண்ணையும் விடக்கூடாதுன்னு நெனச்சேன்."

 தங்கையின் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. எதையும் அழிக்கும் முன் ஒரு நகல் எடு என்பதுதான் அவள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். "எல்லாத்தையும் வெளிய ஒரு டிரைவ்ல மாத்திடலாம். இங்க காலியாயிடும், அத்தானும் தடையில்லாம பேசலாம்" என்றபடி பையிலிருந்து டிரைவை எடுத்தாள். அக்காவின் முகம் மலர்ந்தது.

அத்தான் மேசையை ஓங்கித் தட்டினார். கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டச்சு செய்தார்.

"எல்லார் பேச்சும்" என்று சொல்லிவிட்டு அது நின்றது.

"பாத்தியா, எல்லாம் வேணும்ங்கறாரு" என்றாள் அக்கா.

அத்தான் இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினார். பிறகு பொத்தானை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டு, அது உயிர் பெறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  மீண்டும் தட்டினார், இம்முறை சிறுசிறு துண்டுகளாக.

"எல்லார் பேச்சும் காத்துல போகுது. என்னோடது மட்டும் நிக்குது. சண்டைன்னா எடுத்துப் போட்டுக் காட்டுறா. பத்தாம் தேதி நீங்க சொன்னது இதுதானேன்னு. நான் எப்ப அப்படிச் சொன்னேன்னு ஒரு தடவயாவது நான் கேக்க வேணாமா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு தடவதான் போட்டுக் காட்டினேன்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ஏழு தடவ" என்றது செய்திக் குரல். பிறகு, "பேசறதுக்கு முன்னாடி யோசிக்கிறேன். வீட்டுல யோசிச்சுட்டா பேசுவாங்க? அழிச்சிடு."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை டிரைவின்மேல் போய்த் திரும்பியது. அவருக்குத் தெரியாமல் ஒரு நகல் எடுப்பது பெரிய வேலை இல்லை. பழுதுபார்க்கிறேன் என்று அரை மணி நேரம் கேட்டால் போதும். ஆனால் அப்படி எடுத்தால் இந்த வீட்டில் அவர் பேசுவதெல்லாம் திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்கப்பட்டதாகிவிடும் என்று தங்கைக்குப் பட்டது. டிரைவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அக்காவின் கண்கள் நிறைந்தன. தங்கைக்கு அவளைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அத்தானைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

பேச்சைச் சேமிக்கும் வசதியைத் தங்கைதான் நிறுத்தினாள். கோப்புறையை அழித்தது அத்தான். நிச்சயமாகவா என்று கணினி கேட்டபோது அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.  அவள் மேசை விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அழுத்தினார். முடிய இருபது நிமிடம் ஆனது. மூன்று பேரும் திரையில் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை கூடத்துக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். உள்ளே விசைகள் படபடவென்று விழுந்தன. செய்திக் குரல் எங்கும் நிற்காமல், நீளமாக, ஏதோ சொல்லி முடித்தது. வெளியே மழை கொட்டியதில் தங்கைக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா. "மழைச் சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

 விசைகளின் சத்தம் மறுபடி கேட்டது, முதலிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக.