வெற்றுத்தாளில் வைத்த ரேகை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் தோட்டத்துப் புகைக்கொட்டகை எரிந்துபோனது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் அந்தக் கொட்டகைக்கு என் அப்பா ஐயாசாமிதான் பொறுப்பு. அடுப்புக்கு விறகு தள்ளுவதும் அவர்தான். எரிகிற ஷீட்டுகளை இழுத்துப் போடப் போய் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சதாசிவம் மருந்து போட்டு, விரல் நுனிகூடத் தெரியாமல் துணி சுற்றி அனுப்பினார்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. சின்னக் குற்றத்துக்கும் வேலையிலிருந்து பேர் வெட்டினார்கள். பேர் வெட்டினால் தோட்டம் தந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிறகு கடல் தாண்டி ஊருக்குக் கப்பல்தான். அப்பாவின் ஊரை நான் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை விசாரணை என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி தம்பிராஜா சொல்லி அனுப்பினார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை புதிது, தமிழ் தெரியாது. யார் எது சொன்னாலும் கிராணிதான் இங்கிலீஷில் எழுதி அவரிடம் கொடுப்பார்.

தீ எப்படிப் பிடித்தது என்று அம்மா கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றினார். "எல்லாம் கிராணி பாத்துக்குவாரு, நீ சும்மா இரு அங்கம்மா," என்றார். தீப்பிடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை, கள்ளுக்கடை திறந்திருந்த நாள். அங்கே போயிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. நான் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் கிராணி வீட்டைக் கூட்டப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் தட்டெழுத்தில் ஒரு தாள் இருந்தது. அப்பாவின் பேரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும் என்று கிராணிக்குத் தெரியாது. பழைய துரையின் மனைவி என்னைச் சிகாமட்டில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் நான்கு வருஷம் படிக்க வைத்திருந்தார். அவர் சீமைக்குப் போனதும் படிப்பு நின்றது. இந்தக் கிராணி வந்தது அதற்குப் பிறகு.

கொட்டகையைத் திறந்து போட்டுவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போயிருந்ததாக ஐயாசாமி சொன்னார், குடித்திருந்ததாகவும் சொன்னார். தாளில் இருந்தது அவ்வளவுதான். வரிக்கு வரி 'ஹேட்' (had). பள்ளியில் இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கும். ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும்போது, அவர் சொல்வதற்கு முன்பே நடந்து முடிந்தவற்றை 'ஹேட்' போட்டு ஒரு படி பின்னால் தள்ள வேண்டும். நூறு வாக்கியங்களை அப்படி மாற்றியிருக்கிறேன். ஆனால் அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவை இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லை. அதற்குள் தாளில் அவர் சொல்லி முடித்திருந்தார்.

தாளின் அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அந்த வரிகள் போகவில்லை. இங்கிலீஷில், தட்டெழுத்தில் இருந்ததாலோ என்னவோ, உண்மையாக இருக்கும் என்று தோன்றியது. கொடியில் அப்பா ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த சட்டை கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். புகை நாற்றம்தான். அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடியும் முகர்ந்தேன். திரும்பினால் அப்பா நின்றிருந்தார். உள்ளே போனார்.

அம்மாவிடம் மெல்ல, கிராணி எப்போதாவது எழுதாத தாளில் ரேகை வாங்கியிருக்கிறாரா என்று கேட்டேன். தோட்டத்தில் அரிசிப் பங்கு போடும் நாளில் எல்லாரிடமும் வாங்குவாராம். புத்தகத்தில் ஒன்று, தனித்தாளில் ஒன்று. பிறகு அலைய வேண்டாமே என்று சொல்வாராம். ஜனங்களும் அது உதவி என்றே நினைத்தார்கள்.

புதன்கிழமை ஆபீசுக்கு அப்பாவோடு நான் போனேன். கையில் கட்டுப் போட்டிருந்ததால் குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிராணி பக்கத்தில் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அண்டைக்கு நெருப்பு எப்படிப் பிடிச்சது என்று சாதாரணமாகக் கேட்டார்.

அப்பாவும் சாதாரணமாகவே சொன்னார். "நான் கொட்டாய விட்டு நவுரலீங்க. திங்கக்கெழம லாரி வருது, ஷீட்டு காயணும், வெறக இன்னும் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க. போட்டேன். புடிச்சிக்கிச்சி."

கிராணி தலையாட்டினார். துரை பக்கம் திரும்பி, கள்ளுக்கடைக்குப் போயிருந்ததாகச் சொல்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லி, அந்தத் தாளை எடுத்து நீட்டினார். என்ன சொன்னார் என்று தெரியாமல் அப்பாவும் தலையாட்டினார்.

பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே அழுதுவிடுவேன். குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து, போகவில்லை என்றுதான் அவர் சொன்னார் என்று இங்கிலீஷில் சொன்னேன்:

"நோ, சார். ஹி செட் தட் ஹி ஹேட் நாட் கான்."

துரை நிமிர்ந்தார். கிராணி என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "உனக்கு ஆர் பிள்ளை இங்கிலீசு சொல்லித் தந்தது?" என்றார். அதற்குமேல் எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. தாளில் இருந்த ரேகையைக் காட்டினேன். பிறகு அப்பாவின் கட்டுப்போட்ட கைகளைக் காட்டினேன்.

துரை தாளின் மேலே தட்டியிருந்த தேதியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. டிரெசரைக் கூப்பிட்டார். ஞாயிறு மாலை போட்ட கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, அவிழ்த்தாலும் அந்த விரலில் இப்போது ரேகை இல்லை என்று டிரெசர் சொன்னார். துரை அவரையே மொழிபெயர்க்க வைத்து மறுபடியும் அப்பாவிடம் கேட்டார். அப்பா முதலில் சொன்னதையே சொன்னார். கிராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பேர் வெட்டப்படவில்லை. கை ஆறியதும் புல்வெட்டுக்குப் போகலாம் என்றார்கள். அடுத்த வாரம் கிராணி பெட்டிகளோடு பெக்கோக் ரயிலடிக்குப் போனார். மாற்றலா, விலக்கினார்களா, யாருக்கும் தெரியவில்லை. லயத்தில் பாதிப் பேர் அவரைப் பாவம் என்றார்கள்.

விசாரணை முடிந்து அன்று அப்பாவும் நானும் லயத்துக்குத் திரும்பினோம். குடையை அவர் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தேன். வாசலில் நின்று கேட்டார்:

"கள்ளு வாட அடிச்சிச்சா?"

"இல்லப்பா."

"ரெண்டு வாட்டி மோந்து பாத்தியே."

துரையிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அப்பாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. குடையை மடக்கினேன். அவர் கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போனார்.