ரசத்தில் கலந்த கேப்சூல்

கஜலட்சுமிக்குக் கை சும்மா இருக்காது. புருஷனுக்கு இதயத்தில் வால்வு மாற்றிய நாளிலிருந்து அந்தக் கைக்கு இன்னும் வேகம் கூடிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தம்புசாமி தினமும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அது போதாது என்பது அவள் கட்சி.

வீடு வீடாகப் போய் டைரக்ட் செல்லிங் செய்யும் சுப்பம்மா, மஞ்சள்தூள் அடைத்த கேப்சூல் டப்பாவோடு செலண்டாரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, "கறியில போடுறது பத்தாதா? ஆள விடு லா," என்று தம்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவளா விடுவாள்? டப்பாவை வாங்கி, கேப்சூலைப் பிரித்து, மதியமும் இரவும் வேளைக்கு மூன்றாக அவருடைய மிளகு ரசத்தில் கொட்டிக் கலக்கினாள். ரசமும் மஞ்சள், தூளும் மஞ்சள். போலீசே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது வாரம் பல் தேய்க்கும்போது அவருக்கு ரத்தம் வந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையெல்லாம் நீலமாகக் கன்றியது. பயந்துபோய் மலாக்கா டவுனுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் புவனேந்திரன் ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். ரத்தம் அளவுக்கு மீறித் தண்ணீராகியிருந்தது.

"வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்," என்றார் தம்புசாமி. கஜலட்சுமியும் தலையாட்டினாள். பொய் சொல்லவில்லை. மஞ்சளைப் போய் யார் மருந்து என்பார்கள்?

"அப்ப ஈரலில ஏதும் கோளாறா இருக்கலாம். வார்டில சேர்த்துப் பார்ப்பம்."

ஈரல் என்றதும் அவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இந்த மூன்று வாரத்தில் வீட்டுக்குப் புதிதாக வந்தது என்ன? அந்த டப்பா ஒன்றுதான். டாக்டர் பின்னாலேயே ஓடி, ரசக் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"மஞ்சளும் ரத்தத்தை இளக்கும், அம்மா. கறியில போடுற அளவு பரவாயில்லை. இது நாளைக்கு ஆறு கேப்சூல்! மிளகு சேர்ந்தா இன்னும் கூட உடம்பில ஏறும். இந்த மாத்திரை சாப்பிடுறவர் இதைத் தொடவே கூடாது. நல்ல வேளை, சொன்னீங்க."

கேப்சூல் நின்றது. மாத்திரையையும் சில நாள் நிறுத்திவைத்தார்கள். நான்காம் நாள் ரத்தம் சரியான அளவுக்கு வந்துவிட்டது, ஈரலிலும் ஒன்றுமில்லை, குறைத்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கட்டிலருகே உட்கார்ந்து புருஷனிடமும் உண்மையைச் சொன்னாள். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை.

"பத்து நாளா ஒண்ணுக்குலயும் ரத்தம் வந்துச்சு, கஜா. உன்கிட்ட சொல்லல. கத முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்."

"அடப்பாவி மனுசா!"

"போன சனிக்கிழமை உனக்கு ஒரு செகப்புச் சேலை வாங்கி அலமாரி மேல வச்சிருக்கேன். நான் போய்ட்டா அப்புறம் நீ செகப்பு கட்டமாட்டேல்ல? இருக்கறப்பவே ஒரு தடவ கட்டிப் பார்த்துரலாம்னு..."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"இப்பதான் ஒண்ணுமில்லையே. கடையில திருப்பிக் குடுத்துரவா?"

"குடுத்துத்தான் பாருங்களேன்!"

மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்துப்போக அந்தச் சேலையில்தான் வந்தாள். ரவிக்கை தைக்க நேரமில்லை. இருந்த கறுப்பு ரவிக்கையையே போட்டுக்கொண்டாள்.