ரெண்டு பாப்பாத்தி

மில்லு வாசல்ல மகளப் பாத்ததும் பெருமாயிக்கு அடையாளமே தெரியல. நின்னுக்கிட்டே தூங்குறா! தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, பன்னெண்டு வயசுப் புள்ள கெழவியாட்டம் நிக்கிறா.

"என்ன கண்ணு இது?"

"பத்து மணி நேரம் நிக்கிறேம்மா. காலு என்னுதான்னே தெரியல. நேத்து நூல் முடிச்சுப் போடையிலயே தூங்கிட்டேன். மேஸ்திரி தலையில தண்ணி ஊத்தி, 'ஏ மலைக்காரி, உங்கூரு குளிரு வந்துச்சா'ன்னு சிரிக்கிறாரு." பாப்பாத்தி தலையில ஒட்டுன பஞ்சப் பிச்சுக்கிட்டே கேட்டா. "சின்ன வயசுன்னு சின்ன டோக்கன் குடுத்த புள்ளைங்க அஞ்சு மணி நேரத்துல ஊட்டுக்குப் போயிருதுங்க. எனக்கு மட்டும் ஏம்மா பெரிய ஆளு கணக்கு?"

வேலைய உட்டுட்டு வாடின்னு இழுத்துட்டுப் போகவும் வழியில்ல. புருசன் செங்கோடனக் கரடி அடிச்சு அவன் படுத்த படுக்கை. மலையில அந்த வருசம் சாமையும் வெளையல. பெருமாயி நேரா ஆபீசுக்குள்ள போனா. கிளார்க்கு அப்பாஸ் அலி மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரரு, தெரிஞ்ச மொகந்தான்.

"ஏனுங்க, எம்புள்ளைக்குப் பன்னெண்டுதானுங்க ஆவுது. அவளையும் அஞ்சு மணி நேரத்துல உட்ருங்க."

"பதினஞ்சு ஆவாத புள்ளைங்களுக்கு சட்டமே அதாம்மா. ஆனா நீங்க குடுத்த பொறந்த சீட்டுல பதினஞ்சு முடிஞ்சிருச்சே! டாக்டரும் அதப் பாத்துத்தான பெரிய ஆளுன்னு கையெழுத்துப் போட்டாரு?"

அந்தச் சீட்டு இவளுது இல்ல, மூத்தவளுது.

மூத்தவளும் பாப்பாத்திதான். ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அடுத்த வருசம் இவ பொறந்தா. போனவளே திரும்பி வந்துட்டான்னு அதே பேர வச்சாங்க, அவங்க பக்கம் அப்படித்தான். திரும்பி வந்தவள எதுக்குச் செத்தான்னு எழுதணும்? பொறந்தான்னு எதுக்கு இன்னொருக்கா எழுதணும்? ரெண்டையும் எழுதல. மில்லுக்குச் சீட்டு கேட்டுப் போனப்ப மணியக்காரர் பொறப்பு எறப்பு நோட்டப் பொரட்டி, "செங்கோடன் மக பாப்பாத்தி... இருக்கா"ன்னாரு. அந்த 'இருக்கா'வக் கேட்டதும் பெருமாயிக்கு நெஞ்சு அப்படியே குளுந்துபோச்சு. இல்லைன்னு சொல்ல வாயி வரல.

பெருமாயி சொன்ன எல்லாத்தையும் அப்பாஸ் அலி கேட்டாரு. அப்புறம், "மூத்தது செத்துப்போச்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, இந்தச் சீட்டு இவளுது இல்லன்னு ஆயிரும். நான் டாக்டர்கிட்ட சொல்லி சின்ன டோக்கன் வாங்கித் தாரேன். இவளுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுக்கறேன்"னாரு.

மலையேறையில பாப்பாத்தி நாலு எடத்துல உக்காந்து உக்காந்து தூங்குனா. மணியக்காரர் அர்த்தனாரி ஊட்டுக்கு வந்ததும் தூண்ல சாஞ்சவதான், அசையல.

அர்த்தனாரி நோட்டத் தொறந்தாரு. "பதிமூணு வருசம் கழிச்சு வந்து செத்துட்டாங்குற? நல்ல ஆளு நீ! சரி, எந்த மாசம்?"

"தை மாசமுங்க. மொச்சை பறிச்சுக்கிட்டு இருந்தேன். துணியில மடியோட கட்டியிருந்தேன். தூங்குறான்னு நெனச்சு முழுக்காட்டையும் பறிச்சு முடிச்சிட்டேனுங்க..."

இத அவ யாருகிட்டயும் சொன்னதில்ல. செங்கோடன்கிட்டகூட. அர்த்தனாரி அதுக்கப்புறம் கிண்டல் பேசல. பேனாவ மையில தொட்டு, வாய் உட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுனாரு.

"செங்கோடன் மக பாப்பாத்தி..."

தூண்ல சாஞ்சிருந்தவ படக்குனு எந்திரிச்சா. கண்ணு தொறக்கல. "வந்துட்டேனுங்க மேஸ்திரி! தூங்கலீங்க, தூங்கலீங்க!" ரெண்டு கையும் காத்துல நூலத் தேடுது.

பெருமாயி பாஞ்சு போயி அந்தக் கையப் புடிச்சா. வெரல் நுனியெல்லாம் நூலு அறுத்து வரிவரியா இருக்கு.

"தூங்கு சாமி. உன்னய இல்ல. அக்காவக் கூப்புடறாங்க."

மகள மடியில சாச்சுக்கிட்டா. மூச்சு வருதான்னு மூக்குகிட்ட வெரல வச்சுப் பாத்தா. சுடச்சுட வந்துச்சு.

அப்புறந்தான் மை தொட்ட கட்டவெரல அந்த நோட்டுல வச்சா.