கம்பெனி சாவி

கோதண்டராமனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரே ஒருமுறை கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி, வடக்குப்பட்டு ஏரிக்கரையோரம் இருந்த குப்பைத்தொட்டியை இடித்துக் கவிழ்த்துவிட்டு, "பிரேக்கு சரியில்ல" என்று சொல்லி இறங்கியவன்தான். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் வண்டியைத் தூக்கிக் கொடுக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதுவும் பெண்டாட்டி வண்டியை.

அவன் அக்கா சின்னப்பொண்ணுவின் மகள் ஐஸ்வர்யாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தண்டலத்துக்காரர்கள். தட்டு மாற்றி முடித்து எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலே இவன் எழுந்து நின்றான். வேட்டியைத் தளர்த்திக் கட்டினான். மீசையைத் தடவினான்.

"தாய்மாமன் சீரா என் வூட்டு வாசல்ல நிக்கிற காரைக் குடுக்குறேன். சபையில சொல்றேன். கோதண்டம் சொன்னா சொன்னதுதான்!"

கைதட்டினார்கள். தட்டமாட்டார்களா? அடுத்தவள் சொத்துக்குக் கைதட்ட என்ன வலிக்கிறது! பின்னால் பாயச வாளியோடு நின்றிருந்த சசிகலாவுக்குக் கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. கட்டின நாளிலிருந்து இந்த ஆளின் உதாரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். டீக்கடையில் உதார், பஞ்சாயத்தில் உதார், சாவு வீட்டில்கூட உதார். அதெல்லாம் வாயோடு போச்சு. இது வாசல்வரை வந்துவிட்டது.

அந்த ஏழு சீட்டு வண்டிதான் அவளுக்குச் சோறு. வடக்குப்பட்டிலும் சேரப்பணஞ்சேரியிலும் இருந்து ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை ஷிஃப்ட்டுக்கு ஏற்றிப்போய் இறக்கி, ஷிஃப்ட் விட்டதும் கூட்டிவருவாள். அதற்கு முன்னால் ஒரு கம்பெனி கேன்டீனில் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கை வெந்து, முதுகு வளைந்து, சூப்பர்வைசர் பையன்களிடமெல்லாம் ஏச்சு வாங்கி. அங்கிருந்து தப்பிக்கத்தான் வண்டி ஓட்டக் கற்று, லோன் போட்டு, போன மாதம்தான் கடைசித் தவணையைக் கட்டி முடித்திருந்தாள். ஆர்சி அவள் பெயரில். வண்டி போனால் திரும்ப அந்தத் தட்டுகளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அன்றைக்கே அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"யோவ், இன்னாய்யா நெனச்சிகினு கீற? அது என் பொழப்பு."

"சபையில சொல்லிட்டேன்டி. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா?"

"வார்த்தை உன்னுது. வண்டி என்னுது."

"உன்னுது இன்னா என்னுது இன்னா? எல்லாம் ஒண்ணுதான்" என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். அடுத்த வாரமே கல்யாண மண்டபத்துக்கு ஃபிளெக்ஸ் ஆர்டர் கொடுத்தான். காரில் சாய்ந்து, கூலிங்கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இவன். கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன் கோதண்டராமன் வழங்கும் கார் சீர்வரிசை'. கல்யாணப் பெண்ணின் முகம் மூலையில் ஸ்டாம்ப் அளவுக்கு இருந்தது.

எதிர்த்துக் கத்தினால் ஊர் என்ன சொல்லும் என்று சசிகலாவுக்குத் தெரியும். நாத்தனார் மகள் கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்று சொல்லும். அதனால் கத்தவில்லை. சீர் கொண்டுபோகிற அன்றைக்குக் காலையில், ஷிஃப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்டு வந்ததும், இரண்டு சாவியையும் இட்லி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததற்குக் காரணமும் அந்த மகானுபாவன்தான். வண்டி எடுத்த அன்று கோயிலில் பூஜை போட்டு ஐயர் மஞ்சள் கயிற்றில் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். ஒன்றை ஸ்பேருக்கு எடுத்து வைக்கலாம் என்று அவள் அவிழ்க்கப் போனபோது, "ஜோடியைப் பிரிச்சா வண்டி அடிபடும்" என்று குதித்தான். அன்றிலிருந்து இரண்டும் சேர்ந்தே கிடந்தன.

"சாவியைக் காணோம்" என்றாள்.

"காணோமா? இன்னாடி சொல்ற?" வீட்டைத் தலைகீழாக்கினான். மெத்தையைப் புரட்டினான், சாமி அலமாரியைக் குடைந்தான். அடுப்படிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட அங்கே போகாதவன், அரிசி டப்பா எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டானா?

அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி. சாவி இல்லாமல் வண்டி நகராது, கல்யாணம் முடியும், பேச்சும் ஆறிப்போகும் என்று கணக்குப் போட்டாள். அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஃபிளெக்ஸ் கட்டுகிறவன் ஒரு சாவிக்காரனின் நம்பரைக் கொடுத்திருக்கிறான். பைக்கில் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் வாசலிலேயே வந்து இறங்கிவிட்டான்.

பெயர் தளவாய். திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவன், வெளியே வந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டான். ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி, போன் வந்த இடத்துக்கெல்லாம் போய்ச் சாவி போட்டுக் கொடுக்கிறான். வரும்போதே முகத்தில் கடுகடுப்பு.

"வண்டி ஆரு பேர்ல இருக்கு அண்ணாச்சி?"

"என் சம்சாரம் பேர்ல. அவளும் நானும் வேறயா?"

"வேறதான். அவுக வந்து சரின்னு சொல்லணும், ஆர்சியும் ஆதாரும் காட்டணும். இல்லைன்னா பொட்டியவே தொறக்க மாட்டேன். போன மாசம் ஒருத்தன் மச்சான் வண்டியத் தன் வண்டின்னு சொல்லி என்னைய ஸ்டேஷன் வரைக்கும் இழுத்து விட்டுட்டான்."

வாசலில் சின்னப்பொண்ணு, அவள் ஓர்ப்படிகள், தெருப் பெண்கள் என்று வரிசைத் தட்டுகளோடு ஒரு கூட்டமே நின்றது. எல்லாருடைய கண்ணும் சசிகலா மேல். சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்து விசும்ப ஆரம்பித்தாள்.

"என் பொண்ணு வாழ்க்கைம்மா சசி. மாப்ள வூட்டுக்காரங்க கார் வரும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிகினு கீறாங்க."

அந்தப் பெண்ணின் வாழ்க்கை காரில் இருக்கிறது என்று யார் சொன்னது? இந்த வாய்ச்சவடால் தம்பிதானே! சசிகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் தளவாய் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன். பொறவு என்னையச் சண்டை பிடிக்கக் கூடாது. சாவிக்குள்ள சிப்பு இருக்கு. சாவியே இல்லாம புதுசு போடும்போது வண்டியோட ஞாபகத்துல இருக்கற பழசு எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும். நாளைக்கே பழைய சாவி கெடைச்சாலும் அது செத்த சாவிதான். கதவு தொறக்கும், லைட்டு எரியும், வைப்பர் ஆடும். இஞ்சின் மட்டும் பிடிக்காது. அண்ணாச்சி, ஒங்களுக்குந்தான் சொல்லுதேன். கேக்குதீகளா?"

அண்ணாச்சி எங்கே கேட்டான்! மேளக்காரனோடு போனில் இருந்தான். "நாலு மேளம் பத்தாதுப்பா, தாரை தப்பட்டையும் சேத்து இட்டுகினு வா. யாரு சீருன்னு நெனச்ச?" என்று கத்திக்கொண்டே, சாவிக்காரனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

சசிகலா வாயை மூடிக்கொண்டாள். புதுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுடையதுதான் வண்டி. கம்பெனிக்காரன் கொடுத்த பழைய சாவி இனிமேல் வெறும் இரும்பு. அவள் உள்ளே போய் ஆர்சியையும் ஆதாரையும் எடுத்துவந்து நீட்டினாள்.

"போடுப்பா" என்றாள்.

சின்னப்பொண்ணு விசும்பலை அந்த நொடியே நிறுத்திவிட்டு, டீ போடச் சொன்னாள்.

தளவாய் கதவின் பூட்டுக்குள் கருவியை விட்டுச் சாவிக்கான பல்லைக் கணக்கெடுத்தான். பெட்டியிலிருந்த மிஷினில் வெட்டினான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, கையடக்கமான டப்பாவைத் தட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கோதண்டராமன் சும்மா இருந்தானா? "இன்னாப்பா, செல்போன் நோண்டிகினு கீற? இத்தையே நான் பண்ணுவேன்" என்று ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னான். கடைசியில் வண்டி உறுமியது. இரண்டு புதுச் சாவிகள். மொட்டைக் கறுப்பு, எந்த முத்திரையும் இல்லை. ஆர்சிக்காரி கையில்தான் கொடுப்பேன் என்று சசிகலாவின் கையில் வைத்தான்.

கோதண்டராமன் அதை எட்டிப் பிடுங்கிப் பார்த்தான். மூஞ்சி சுருங்கிப் போயிற்று.

"ச்சீ! இன்னாது இது, சைக்கிள் பூட்டு சாவியாட்டம்? இத்தப் போயி தட்டுல வெச்சா தண்டலத்துக்காரன் காறித் துப்புவான். கம்பெனி பேரே இல்ல!"

சசிகலா அடுப்படிக்குள் போனாள். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு, மஞ்சள் கயிறு கட்டிய ஜோடியை வெளியே எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அரிசி டப்பால கீதுய்யா" என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அடிப்பாவி! அங்க எப்டி போச்சு? சரி வுடு." கோதண்டராமனின் முகம் பளபளத்தது. பழைய சாவியை வெயிலில் தூக்கிப் பிடித்து, வெள்ளி முத்திரையை எல்லாருக்கும் காட்டினான். "பாத்தியா, இது கம்பெனி சாவி! மஞ்சக் கயிறோட! இதான் தட்டுக்கு. இந்த மொட்டைச் சாவியை நீயே ஸ்பேருக்கு வெச்சிக்கோ." புதுச் சாவி இரண்டையும் அவனே அவள் உள்ளங்கையில் திணித்தான்.

தளவாய் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அண்ணாச்சி, அது வந்து—"

"உன் வேலை முடிஞ்சிச்சில்ல? காசு வாங்கினல்ல? கெளம்பு, கெளம்பு. ஓசில சோறு துன்னலாம்னு நிக்காத."

தளவாய் சசிகலாவைப் பார்த்தான். சசிகலா அவனைப் பார்த்தாள். அவன் வாயை இறுக்க மூடி, ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு போயே போய்விட்டான்.

மாலை நாலரைக்குப் படப்பை மண்டபத்தில் சீர் இறங்கியது. முன்னால் டெம்போவில் கட்டில், பீரோ, சசிகலா தன் காசில் வாங்கிய வாஷிங் மிஷின். பின்னால் சாமந்தி மாலை சுற்றிய காரை மொட்டைச் சாவி போட்டு அவள்தான் ஓட்டிவந்தாள். பக்கத்தில் கோதண்டராமன், மடியில் தட்டு, தட்டில் சாவி. ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். சாவியை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

சபையில் தட்டைக் கொடுக்கும்போது இரண்டு தரம் கொடுத்தான், முதல் தரம் போட்டோகிராஃபர் பார்க்கவில்லையாம். மாப்பிள்ளை பிரவீன் சாவியை வாங்கிக்கொண்டு, கூட்டாளிகள் விசிலடிக்க, வெளியே வந்து வண்டியில் ஏறினான். மேளம் தூள் பறந்தது. சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. இஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொரு சாவியைப் போட்டான். அதுவும் அப்படியே. மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

"எழுந்திரு மாப்ளே, நான் பாக்குறேன்" என்று கோதண்டராமன் ஸ்டியரிங் முன் ஏறி உட்கார்ந்தான். திருகினான். எதையோ இழுத்தான். வைப்பர் ஆடியது. கண்ணாடி மேல் கிடந்த சாமந்தி மாலையை வழித்து, பிரவீனின் பட்டுச் சட்டை மேல் வீசியது. நிறுத்தத் தெரியாமல் ஹார்னை அழுத்தினான். கூட்டத்தில் ஒரு குழந்தை முதலில் சிரித்தது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

பிரவீனின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாங்க கோதண்டம், காருன்னு சொல்லி பொம்மை குடுத்தீங்களா?"

"காலைல கூட ஓடிச்சுங்க. சசி! ஏ சசி! வா இங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டு!"

சசிகலா வந்தாள். அவனை இறங்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். மாட்டியிருந்த பழைய சாவியை உருவிப் பிரவீனின் அப்பா கையில் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த மொட்டைச் சாவியைப் போட்டாள். ஒரே திருப்பு. வண்டி பிடித்துக்கொண்டது. கோதண்டராமன் நெஞ்சை நிமிர்த்தி, "நான் சொல்லல?" என்று சுற்றிலும் பார்த்தான்.

"சம்பந்தி" என்றாள் சசிகலா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வண்டி என் பேர்ல கீது. நான் சம்பாதிச்சு வாங்கினது, நான் ஓட்றது. குடுக்குறேன்னு சபையில சொன்னது இவரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. பொண்ணுக்கு என் சீரு வாஷிங் மிஷினு, மனசாரக் குடுத்துட்டேன். இவரு சீரு அந்த ரெண்டு சாவி. பழைய சாவி செத்துடும்னு சாவிக்காரன் இவரு எதிர்லதான் சொன்னான். மேளத்துக்குத் தலையாட்டினாரு. இவரே பாத்துப் பொறுக்கி எடுத்துத் தட்டுல வெச்சாரு, கம்பெனி பேரு போட்டுக் கீதுன்னு."

பிரவீனின் அப்பா கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்தார், ஃபிளெக்ஸைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். "தூ" என்றார், துப்பாமலே. சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, "வாஷிங் மிஷினை உள்ள இறக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

ஐஸ்வர்யா அலங்காரத்தோடு கார் ஜன்னலுக்கு ஓடிவந்தாள். அழுவாள் என்று சசிகலா பயந்தாள். இவளும் அதே வண்டியில்தான் இரண்டு வருஷமாகக் கம்பெனிக்குப் போய்வருகிறாள்.

"அத்தை, எனக்குப் பத்து நாள் லீவுதான். அப்பால தண்டலத்துக்கு வந்து என்னை ஏத்திக்குவீங்களா? நீங்க வண்டியைக் குடுத்துட்டா நான் எதுல வேலைக்குப் போறதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கல."

"வரேன்டி தங்கம். போ, உள்ள போ, பூ வாடுது" என்றாள் சசிகலா.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரம். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பியபோது கோதண்டராமன் ஓடிவந்து கதவைத் தட்டினான். முகம் செத்திருந்தது.

"சசி, நானும் வரேன். கதவைத் தொற. இங்க நிக்க முடியலடி."

சசிகலா கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"இது லேடீஸ் ஷிஃப்ட்டு வண்டிய்யா. உன் கையிலதான் கம்பெனி சாவி ரெண்டு கீதே, அத்தப் போட்டு ஓட்டிகினு வா."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரகடம் ரோட்டில் வண்டியைத் திருப்பினாள்.